மூணு டோக்கன் திரும்பிப் போச்சு அக்கா, எங்க தப்பு பண்றேன்?

கேள்வி: வணக்கம் அக்கா. கூடுவாஞ்சேரி பக்கம் மூணு வருஷமா வீடு, மனை புரோக்கரா இருக்கேன், அதுக்கு முன்னாடி ஒரு கம்பெனியில சூப்பர்வைசர். இந்த ஆறு மாசத்துல டோக்கன் அட்வான்ஸ் வரைக்கும் வந்த மூணு வீடு முறிஞ்சு போச்சு. ஒண்ணுல வீட்டுக்காரர் லோனை எப்பவோ கட்டி முடிச்சுட்டார், ஆனா ஈசியில (வில்லங்கச் சான்றிதழ்ல) எம்ஓடி (பத்திரத்த பேங்க்ல அடமானம் வச்ச பதிவு) இன்னும் நிக்குதுன்னு வாங்குறவங்க பேங்க் வக்கீல் நிறுத்திட்டார். இன்னொண்ணு அண்ணன் தம்பி ரெண்டு பேர் விக்கிற அவங்க அப்பா வீடு, அவங்களுக்கு ஒரு அக்கா இருக்காங்கன்னே கடைசியிலதான் தெரிஞ்சுது. மூணாவது பார்ட்டிக்கு லோன் சாங்ஷன் ஆகியும் கையில காசு பத்தல. விக்கிறவர் என்னை வாங்குறவரோட ஆளுங்கிறார், வாங்குறவர் என்னை விக்கிறவரோட ஆளுங்கிறார். ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்குறதே தப்போன்னு என் வீட்டுலயே கேக்குறாங்க. ரெண்டு பேருக்கும் நல்லவனா இந்த தொழில்ல இருக்க முடியுமா? ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் எடுத்தா நம்பிக்கை வருமா? பேர் போட வேணாம்.

பதில்:

தம்பி, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். மூணு வீட்டு கதையிலயும் நீங்க சொல்ற விஷயம் எல்லாமே டோக்கன் போட்ட அப்புறம்தான் வெளிய வந்திருக்கு, ஆனா மூணுமே முதல் நாளே தெரிஞ்சிருக்கக்கூடிய விஷயம். யாரும் உங்கள ஏமாத்தல. நீங்களும் யாரையும் ஏமாத்தல. கேக்க வேண்டியத கேக்கல, அவ்ளோதான். கேட்டா பார்ட்டி ஓடிடுமோன்னு ஒரு பயம் இருக்கும் பாருங்க, அது எனக்கு நல்லா தெரியும், நானே அந்த பயத்துல பத்து வருஷம் ஓட்டினவ.

தாம்பரம், சேலையூர், முடிச்சூர்னு இந்த பக்கத்துலயே 22 வருஷமா இருக்கேன், ஆரம்பத்துல ஒரு பத்திர எழுத்தர் கிட்ட டைப் அடிச்சுட்டு இருந்தேன், அங்க வர்ற ஜனங்க வீடு இருக்கா வீடு இருக்கான்னு கேட்டு கேட்டுத்தான் இந்த தொழிலுக்குள்ள வந்தேன்.

2014 சித்திரையில முடிச்சூர் பக்கம் ஒரு தனி வீடு முடிச்சுக் குடுத்தேன், நல்ல வீடு, புதுசா பெயின்ட் அடிச்சு பளிச்சுன்னு இருந்துச்சு, வாங்குறவர் ஸ்கூல் வாத்தியார், பிஎஃப் காசு எல்லாம் எடுத்து வாங்குறார். வீட்டுக்காரர்கிட்ட தண்ணி நிக்குமான்னு கேட்டதுக்கு ஐப்பசியில தெருவுல கொஞ்சம் நிக்கும் ரெண்டு மணி நேரத்துல வடிஞ்சிடும்னார், நானும் அத அப்படியே சொல்லிட்டேன். ஆனா அன்னைக்கு சாவி வாங்க பக்கத்து வீட்டுக்குப் போனப்ப அவங்க ஃப்ரிட்ஜ செங்கல்லால ரெண்டடி மேடை கட்டி மேல ஏத்தி வச்சிருந்தத பாத்தேன். வாஷிங் மெஷினும் அப்படித்தான். பாத்துட்டு ஒண்ணும் கேக்காம வந்துட்டேன். 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கினப்ப முடிச்சூர், வரதராஜபுரம் என்ன ஆச்சுன்னு உங்களுக்கு தெரியும், அந்த ராத்திரி வாத்தியார் மொட்டை மாடியில இருந்து எனக்கு போன் பண்ணார். திட்டல. "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா தெரியாதா, அத மட்டும் சொல்லுங்கம்மா"ன்னார். தெரியாதுன்னேன். அந்த மேடையை பாத்திருந்தும் தெரியாதுன்னேன். இன்னைக்கு வரைக்கும் அவர் ஒரு பார்ட்டியக்கூட எனக்கு அனுப்பினதில்ல, அது நியாயம்தான்.

அதுலேர்ந்து வீடு காட்டுறதுக்கு முன்னாடி நான் தனியா ஒரு தடவை போவேன். தெரு முனையில அயர்ன் கடைக்காரர் இருந்தா அவர்கிட்ட பேசுவேன், அவருக்கு தெரியாத மழை கிடையாது. ஈபி மீட்டர் பாக்ஸ் எவ்ளோ உயரத்துல இருக்கு, பக்கத்து வீட்டு கேட்ல எவ்ளோ உயரமா மேடு கட்டிருக்காங்க, தெருவ விட வீட்டு தரை கீழ போயிருக்கா (ரோடு மேல ரோடு போட்டுப் போட்டு பாதி வீடு இங்க குழியில தான் இருக்கு), போர் தண்ணி வெயில்ல என்ன ஆகுது, மாசம் எத்தனை லாரி தண்ணி இறங்குது, இதெல்லாம் கேட்டு எழுதி வச்சுட்டு வாங்குறவர் வீட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடுவேன். நாலு பேர்ல ஒருத்தர் அப்ப வேணாங்கன்னு போயிடுவார். போகட்டும், அவர் எப்படியும் வாங்கமாட்டார், அட்வான்ஸ் போட்டுட்டு போறதுக்கு இப்பவே போறது நமக்கும் நல்லது வீட்டுக்காரருக்கும் நல்லது. மிச்சம் மூணு பேர் தண்ணி விஷயம் தெரிஞ்சே விலை பேசுவாங்க, அந்த பேச்சு முறியாது.

இப்ப உங்க அக்கா வீட்டு விஷயம், அதாவது அந்த அண்ணன் தம்பியோட அக்கா. இதுல கொஞ்சம் நிக்கணும் ஏன்னா இந்த தொழில்ல அதிகமா டீல் சாகுறது இங்கதான். அப்பா சுயமா சம்பாதிச்ச வீடு, உயில் எழுதாம போயிட்டார்னா அம்மா இருந்தா அம்மாவுக்கும், பொண்ணுக்கும் பையனுக்கும் எல்லாருக்கும் சம பங்கு, இது இந்து குடும்பத்துக்கு சொல்றேன், மத்தவங்களுக்கு அவங்கவங்க சட்டம் வேற. "அவளுக்கு கல்யாணத்துல அம்பது பவுன் போட்டாச்சு, அவ கேக்கமாட்டா"ன்னு அண்ணன் தம்பிங்க சொல்லுவாங்க. நகை போட்டது நகைக் கணக்கு, வீட்டுல அந்தம்மா கையெழுத்து இல்லாம எந்த பேங்கும் லோன் குடுக்காது. நீங்க ஈசி போட்டு பாத்திருப்பீங்க, முப்பது வருஷத்துக்கு சுத்தமா வந்திருக்கும். ஈசியில அக்கா வரமாட்டாங்க தம்பி! பதிவான பத்திரம்தான் ஈசியில வரும், யார் யார் வாரிசுன்னு வராது, கோர்ட்ல கேஸ் இருந்தா அதுவும் பெரும்பாலும் வராது, வெள்ளைப் பேப்பர்ல போட்ட அக்ரிமென்ட் வராது.

அதனால விக்கிறவர்கிட்ட நீங்க கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. "சார் இந்த வீடு யார் பேர்ல பத்திரம், அவங்க இருக்காங்களா, இல்லைன்னா வாரிசு சர்டிபிகேட் காட்டுங்க." இத சங்கடப்படாம முதல் நாளே கேக்கணும். வாரிசு சான்றிதழ்ல எத்தனை பேர் இருக்கோ அத்தனை பேர்கிட்டயும் நேர்ல ஒரு தடவை பேசணும், போன்ல இல்ல. பேசுறப்ப தெரிஞ்சிடும், சில அக்காங்களுக்கு பங்கு கூட வேணாம், எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையேங்கிற கோவம்தான். அப்படி ஒரு அம்மா செய்யாறுல இருந்தாங்க, தம்பிங்க ரெண்டு பேரும் ஒரு தட்டுல வெத்தலை பாக்கு பழம் வச்சுட்டு போய் நின்னதுக்கு அழுதுட்டே தன் பங்க விட்டுக் குடுத்து விடுதலைப் பத்திரம் போட்டுக் குடுத்தாங்க. வேற ஒரு அம்மா நியாயமா தன் பங்கு காசு வேணும்னாங்க, அதுவும் சரிதான், அவங்கள விக்கிறவங்கள்ல ஒருத்தரா சேத்து கிரயம் பண்ணோம். தயவு செஞ்சு அந்தம்மாவ சமாளிக்கிற வேலைய நீங்க எடுத்துக்காதீங்க, "கையெழுத்து போடுங்கக்கா சும்மா ஃபார்மாலிட்டி"ன்னு ஒரு புரோக்கர் சொல்றத என் காதால கேட்டுருக்கேன். வீட்டு பங்கு ஃபார்மாலிட்டியா?

எம்ஓடி விஷயம் சின்னது. லோன் முடிஞ்சதும் பேங்க் பத்திரத்த திருப்பிக் குடுத்தா போதும்னு ஜனங்க நினைக்கிறாங்க, பேங்க்ல இருந்து ரசீது போட்டு அது பதிவாகி ஈசியில ஏறினாத்தான் அந்த கடன் கணக்கு மூடினதா அர்த்தம். டிஎன்ரெஜிநெட்ல, அதாவது பதிவுத்துறை சைட்ல, ஈசி பாக்குறதுக்கு காசு கிடையாது, வீட்டுக்காரர் வீட்டு திண்ணையில உக்காந்தே போன்ல போட்டு பாக்கலாம். பட்டாவும் அரசாங்க சைட்லயே பாக்கலாம். இன்னொண்ணு, கடன் முழுசா கட்டின முப்பது நாளுக்குள்ள ஒரிஜினல் பத்திரத்த பேங்க் குடுத்தாகணும், அவங்க தப்பால லேட் ஆனா ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் 2023 டிசம்பர்லேர்ந்து விதி வச்சிருக்கு. விக்கிறவங்க பல பேருக்கு இது தெரியாது, நீங்க சொன்னீங்கன்னா உங்க மேல ஒரு மரியாதை வரும்.

மூணாவது, காசு பத்தாம போனது. இத கேட்டா எனக்கு உங்க மேலயே கொஞ்சம் கோவம் வருது. பார்ட்டி "எங்க பட்ஜெட் 60 லட்சம்"னு சொன்னா அது என்ன 60ன்னு கேக்கணும் தம்பி. பேங்க் எவ்ளோ குடுக்கலாம்னு ரிசர்வ் பேங்க் உச்சவரம்பு வச்சிருக்கு, லோன் 30 லட்சம் வரைக்கும்னா வீட்டு மதிப்புல 90 பர்சன்ட், 30லேர்ந்து 75 வரைக்கும் 80 பர்சன்ட், அதுக்கு மேல போனா 75. அப்ப 60 லட்ச ரூபா வீட்டுக்கு அதிகபட்சம் 48 லட்சம், கைக்காசு 12 லட்சம். ஜனங்க இதோட கணக்க முடிச்சுடுறாங்க. பழைய வீடு கிரயம்னா முத்திரைத் தீர்வை 7 பர்சன்ட், பதிவுக் கட்டணம் 2 பர்சன்ட், 60 லட்சத்துக்கு பத்திரம் போட்டா அது மட்டும் 5 லட்சத்து 40 ஆயிரம், இத பேங்க் பொதுவா லோன்ல சேக்காது. நம்ம கமிஷன் ஒரு பர்சன்ட்னா 60 ஆயிரம். ஆக 18 லட்சம் கையில இருக்கணும், அப்புறம் பெயின்ட், ஷிஃப்டிங், கிரகப்பிரவேசம்னு ஒண்ணு இருக்கு. பேங்க் வேல்யுவேஷன் கம்மியா வந்தா இன்னும் இடிக்கும். இந்த கணக்க முதல் வீடு காட்டுறதுக்கு முன்னாடி ஒரு டீக்கடையில உக்காந்து அவங்க கையாலேயே எழுத விடுங்க, 60ன்னு வந்தவங்க 50ன்னு இறங்குவாங்க, அப்ப 50க்கு வீடு காட்டுங்க. நமக்கு கமிஷன் பத்தாயிரம் கம்மி, ஆனா வரும்.

விக்கிறவர் பக்கமும் இதே மாதிரி ஒண்ணு சொல்லணும், அது விலை. நம்மாளுங்க பண்றதுலயே எனக்கு பிடிக்காதது இது: வீட்ட புடிக்கிறதுக்காக "சார் கண்ணை மூடிட்டு ஒரு கோடி போகும்"னு சொல்லிட்டு வர்றது. வேற புரோக்கர் 80ன்னு உண்மைய சொல்லிருப்பான், அவன விட்டுட்டு நம்மகிட்ட சாவி வரும். அப்புறம் மூணு மாசம் யாரையும் கூட்டிட்டு போகாம ஊறப் போட்டு "மார்க்கெட் டல் சார்"னு சொல்லி 75க்கு இறக்குறது. பெரியவர் அந்த ஒரு கோடிய நம்பி பையனுக்கு வேற இடத்துல அட்வான்ஸ் குடுத்திருப்பார். அதே தெருவுல அதே வயசு வீடு கடைசியா உண்மையில என்ன விலைக்கு போச்சு, அத சொல்லுங்க, பத்திரத்துல போட்ட தொகை வேற கைமாறின தொகை வேறங்கறதால அந்த விலை தெருவுல இருக்குற புரோக்கருக்குத்தான் தெரியும், நம்மள தேடி வர்றதே அதுக்குத்தானே. ஃப்ளாட்னா யூடிஎஸ் (மொத்த மண்ணுல அந்த ஃப்ளாட்டுக்கு உள்ள பங்கு) எவ்ளோன்னு முதல்லயே சொல்லிடுங்க, ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடியில எட்டு ஃப்ளாட் சமமா பிரிஞ்சிருந்தா ஆளுக்கு 300 அடி மண், வீடு 900 அடின்னு பேப்பர்ல இருந்தாலும் சொந்த மண் அவ்ளோதான். பழைய ஃப்ளாட் விலையே அந்த மண்ணுலதான் நிக்குது.

ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கலாமான்னு கேட்டீங்க. வாங்கலாம், நம்ம ஊர்ல அதான் வழக்கம், நானும் வாங்குறேன், ஆளுக்கு ஒரு பர்சன்ட். ஆனா அது ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும். "இந்த வீட்டுல வாங்குறவர்கிட்ட ஒரு பர்சன்ட் விக்கிறவர்கிட்ட ஒரு பர்சன்ட், பதிவு அன்னைக்கு"ன்னு வாட்ஸ்அப்ல ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி முதல்லயே அனுப்பிடுவேன், சண்டை பாதி அங்கயே முடிஞ்சுது. அக்ரிமென்ட் அன்னைக்கே பாதி வாங்குறவங்க இருக்காங்க, என் வழக்கம் பதிவு அன்னைக்குத்தான், நீங்க உங்க வசதி பாத்துக்கோங்க. தப்பு எங்க வருதுன்னா மேல வைக்கிறதுல. வீட்டுக்காரர் "எனக்கு 70 கைக்கு வந்தா போதும்"னு சொல்லுவார், நீங்க பார்ட்டிகிட்ட 76ன்னு சொல்லி ஆறு லட்சத்த அமுக்குறது, ரெண்டு பேரையும் பதிவு நாள் வரைக்கும் சந்திக்க விடாம பாத்துக்குறது. எனக்கு தெரிஞ்சு இத பண்ணவங்க எல்லாரும் ஒரு நாள் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல மாட்டிருக்காங்க, ரெண்டு குடும்பமும் அங்க வரிசை நம்பருக்கு காத்துட்டு இருக்கிறப்ப பேசிக்காமயா இருப்பாங்க. சட்டமும் அந்த பக்கம் இல்ல, 1872 ஒப்பந்தச் சட்டத்துலயே ஏஜென்ட் தன் ஆளுக்கு தெரியாம தன் கணக்குல வியாபாரம் பண்ணா அந்த லாபத்த அவர் கேட்டு வாங்கலாம்னு இருக்கு.

டோக்கன் காச உங்க கையில வாங்காதீங்க. பார்ட்டி அக்கவுன்ட்லேர்ந்து வீட்டுக்காரர் அக்கவுன்ட்டுக்கு நேரா போகட்டும், 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் வீட்டுக்கு அட்வான்ஸ்னு ரொக்கமா வாங்கினா வாங்கினவருக்கு அதே தொகை அபராதம் வரும்னு வருமான வரி விதி. ஒரு பேப்பர்ல லோன் வரலைன்னா டோக்கன் திரும்புமா, பத்திரத்துல கோளாறுன்னா திரும்புமா, எத்தனை நாள்ல, இத எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடட்டும். உங்க மூணு டோக்கனும் சண்டையில முடிஞ்சதுக்கு இந்த பேப்பர் இல்லாததுதான் காரணமா இருக்கும்னு நினைக்கிறேன். அப்புறம் 50 லட்சம், அதுக்கு மேலன்னா வாங்குறவர் விலையில ஒரு பர்சன்ட் டிடிஎஸ் (விக்கிறவர் கணக்குல கட்டுற வருமான வரி) புடிச்சு கட்டணும், இத முன்னாடியே விக்கிறவர்கிட்ட சொல்லலைன்னா பதிவு அன்னைக்கு "என் காச ஏன் புடிக்கிற"ன்னு எகிறுவார். வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருந்தா வரி கணக்கே வேற, ஆடிட்டர்கிட்ட அனுப்பிடுங்க, நீங்க பதில் சொல்லாதீங்க.

ரேரா. நீங்க பழைய வீடு மட்டும் பாத்தா அந்த நம்பர் கட்டாயம் இல்ல. பில்டரோட புது ஃப்ளாட்டோ, லேஅவுட் மனையோ, ரேராவுல பதிவான புராஜெக்ட்ல ஒண்ணு வித்தாலும் ஏஜென்ட்டா பதிவு பண்ணிருக்கணும், இல்லைன்னா ஒரு நாளைக்கு 10,000 ரூபாய்னு அபராதம் ஓடும். கூடுவாஞ்சேரி பக்கம் மனை பாக்காம இருக்கமாட்டீங்க, அதனால எடுத்துடுங்க. நம்பிக்கை வருமான்னா, நம்பர் போட்ட விசிட்டிங் கார்டு பாத்து யாரும் நம்புறதில்ல. ஆனா மனை வாங்க வர்றவர்கிட்ட "இந்த லேஅவுட் ரேரா நம்பர் இது, நீங்களே சைட்ல போட்டு பாருங்க"ன்னு நீங்களா சொன்னீங்கன்னா நம்புவாங்க. அங்கீகாரம் இல்லாத மனைய பதிவு பண்ணக்கூடாதுன்னு 2016 செப்டம்பர்ல ஹைகோர்ட் சொன்னப்ப இந்த ஜிஎஸ்டி ரோடு முழுக்க புரோக்கர்ங்க போன ஆஃப் பண்ணிட்டு சுத்தினாங்க, வித்த மனைக்கு பதில் சொல்ல முடியாம.

சைடுல ஒண்ணு. சில வீட்டுக்காரங்க "நம்ம ஆளுங்களா பாத்து கூட்டிட்டு வாங்க"ம்பாங்க. நான் கேக்குறதில்ல, பார்ட்டிகிட்ட அத கேக்க எனக்கு வாய் வராதுன்னு சொல்லிடுவேன், அதனால போன வீடுங்க உண்டு. நீங்க என்ன பண்றீங்கங்கிறது உங்க இஷ்டம்.

பதிவு முடிஞ்ச அன்னைக்கே காணாம போயிடாதீங்க. பட்டா பேர் மாறிச்சா, வீட்டு வரி, ஈபி பேர் மாத்திட்டாங்களான்னு ஒரு மாசம் கழிச்சு ஒரு போன் போடுங்க, வயசானவங்கன்னா கூட போய் நில்லுங்க. எனக்கு வர்ற பார்ட்டியில பாதி இப்படி ஈபி ஆபீஸ் பெஞ்சுல உக்காந்தப்ப கிடைச்சதுதான்.

உங்க மூணுல ஒண்ணு இன்னும் உயிரோட இருக்குன்னு நினைக்கிறேன், அந்த எம்ஓடி வீடு. வீட்டுக்காரர கூட்டிட்டு அவர் பேங்க் மேனேஜர போய் பாருங்க, ரசீது பதிவாகி ஈசியில ஏறினதும் அந்த ஈசிய எடுத்து வாங்குறவருக்கு அனுப்புங்க, கூடவே நான் இத முதல்லயே பாத்திருக்கணும் சார்னு ஒரு வரி எழுதுங்க. அவர் வேற வீடு பாத்திருக்கலாம், பாக்காமயும் இருக்கலாம். ஆடி பொறக்குறதுக்கு முன்னாடி போன் போடுங்க, ஆடி வந்துட்டா யாரும் பத்திரம் போடமாட்டாங்க.